ஓய்வும் உடல்நலமும்: ஒரு திருத்தம்

"முழு ஓய்வு பெற்றவர்கள் சீக்கிரம் நோயாளிகளாகிவிடுகிறார்கள், அதனால் எந்த வேலையாக இருந்தாலும் பகுதி நேரமாகத் தொடர்வதே நல்லது" என்று சிலர் கூறுவது, காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைக்கிறது. ஏற்கெனவே உடல்நலம் குன்றியவர்களே பெரும்பாலும் முன்கூட்டி வேலையை விடுகிறார்கள் என்பதால், ஓய்வு பெற்றவர்களையும் வேலையில் இருப்பவர்களையும் வெறுமனே ஒப்பிட்டால் ஓய்வே நோயைத் தந்ததுபோலத் தோன்றும்.

பிரான்சில் மின்சார, எரிவாயு நிறுவன ஊழியர்கள் சுமார் 14,000 பேரை, ஓய்வுக்கு முன் 7 ஆண்டுகளும் பின் 7 ஆண்டுகளும் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியான ஆய்வு, ஓய்வுக்குப் பின் அவர்களின் களைப்பும் மனச்சோர்வு அறிகுறிகளும் குறைந்ததையே காட்டியது. நாட்பட்ட நோய்களின் போக்கை ஓய்வு மாற்றவில்லை.

முதன்மைப் பணியை விட்ட பின், முழு ஓய்வுக்கு முன் செய்யும் இடைக்காலப் பணிக்கும் பயன் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் 12,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளை, அவர்களின் முந்தைய உடல்நிலையையும் கணக்கில் கொண்டு ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், மனநலம் மேம்பட்டிருந்தது தம் சொந்தத் துறையிலேயே பணியைத் தொடர்ந்தவர்களுக்குத்தான். வேறு துறைக்குப் போனவர்களிடம் அந்தப் பயன் தென்படவில்லை. "எந்த வேலையாக இருந்தாலும்" என்ற சொற்கள்தான் எனக்குப் பெரிதும் கவலை தருகின்றன, ஏனெனில் முதுகு ஒடியச் சுமை தூக்கி வாழ்ந்த ஒருவர் இதை நம்பித் தமக்குரிய ஓய்வைத் தள்ளிப்போடக்கூடும்.

பணத்தைப் பொறுத்தும் ஓர் எச்சரிக்கை தேவை: கடைசி ஆண்டுகளின் சம்பளத்தை அடிப்படையாகக் கொண்ட ஓய்வூதியத் திட்டங்களில், ஓய்வுக்குச் சற்றுமுன் வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டால் ஓய்வூதியமே வாழ்நாள் முழுவதும் குறைந்துவிடலாம் என்பதால், திட்ட விதிகளை முதலில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.