கொலோபோவ் என்ன செய்தார் என்று கேட்ட அண்ணாவுக்கு

ஞாயிற்றுக்கிழமை நம் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். மூன்று நாளாகியும் மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். மாஸ்கோவில் ஓபரா, அதாவது முழுக்கப் பாட்டாகவே நடக்கும் இசை நாடகம், போடும் 'நோவயா ஓபரா' அரங்கைப் பற்றிப் பேச்சு வந்தது. "மேயர் பணம் கொடுத்தார், தியேட்டர் வந்தது. இதில் கொலோபோவ் என்ன கிழித்தார்?" என்று கேட்டீர்கள் அண்ணா. நான்கு பேர் சிரித்தார்கள்.

யெவ்கேனி கொலோபோவ் 1946இல் லெனின்கிராட்டில் பிறந்தவர். ஸ்வெர்ட்லோவ்ஸ்க், கிரோவ் அரங்குகளைத் தாண்டி, மாஸ்கோவின் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி இசை அரங்கில் வாத்தியக் குழுவை வழிநடத்தும் தலைமை இசை நடத்துநர் ஆனார். பெயர், சம்பளம், சொந்த மேடை எல்லாம் இருந்தது. 1991இல் அதை விட்டு வெளியே வந்தார். சோவியத் நாடே உடைந்துகொண்டிருந்த வருஷம், ரொட்டிக்கே வரிசை. அப்படியும் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் அவர் பின்னால் வந்தார்கள். அதுதான் நோவயா ஓபரா. மாஸ்கோவின் எர்மித்தாஜ் தோட்டத்தில் சொந்தக் கட்டடம் கிடைத்தது 1997இல்தான். மாஸ்கோ மேயர் லுஷ்கோவ் உதவினார், நான் மறுக்கவே இல்லை. ஆனால் வீடில்லாத அந்த 6 வருஷம் அத்தனை பேரையும் கலையாமல் வைத்திருந்தது யார்? அவரும், கோரஸை, அதாவது சேர்ந்து பாடும் குழுவை, கட்டி வளர்த்த அவர் மனைவி நத்தாலியா போபோவிச்சும்தான். கட்டடத்துக்குப் பணம் போதும். குழுவுக்குப் போதாது.

"மேதைகளின் இசையை வெட்டி ஒட்டியவர்" என்பீர்கள். வெட்டினார். அதில் எல்லாமே எனக்கும் உடன்பாடு இல்லை. ஆனால் ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் 'போரிஸ் கொதுனோவ்' ஓபராவை, இன்னொரு இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் திருத்திய வடிவில்தானே உலகம் பல காலம் கேட்டது? அந்தத் திருத்தம் வேண்டாம், 1869இல் முசோர்க்ஸ்கி முதலில் எழுதியதே போதும் என்று 1990இல் மேடையேற்றியதும் இதே கொலோபோவ்தான். அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

நான் மாஸ்கோவில் படித்த காலத்தில், ஒரு ஜனவரி இரவு நோவயா ஓபராவில் சைக்கோவ்ஸ்கியின் 'யெவ்கேனி ஒனேகின்' ஓபரா பார்த்தேன். கோட்டு வாங்கி வைத்தவர் கொடுத்த எண் வில்லையைக் கையிலேயே வைத்திருந்தேன். குளிர்காலத்தில் கடைசிச் சுரம் அடங்கும் முன்பே பாதிப் பேர் கோட்டுக்கு ஓடுவார்கள். அன்று யாரும் எழவில்லை. பக்கத்திலிருந்த பாட்டி கண்ணைத் துடைக்கக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து பார்த்தால் வில்லையின் எண் என் உள்ளங்கையில் பதிந்திருந்தது. ஊரை விட்டு வந்து இரண்டு வருஷம் அழாமல் இருந்தவன், அன்றுதான் பனியில் நின்று அழுதேன்.

"உனக்கு அவர்மேல் பக்தி, அதனால் பேசுகிறாய்" என்றால், ஆமாம், பக்திதான். அதில் என்ன தப்பு? 2003 ஜூனில், 57 வயதில் இதயம் நின்று போனார். சொந்தக் கட்டடத்தில் 6 வருஷம்கூட முழுசாக இல்லை. இன்று அந்த அரங்குக்கே அவர் பெயர். ஒவ்வொரு ஜனவரியிலும் அவர் பிறந்தநாளை ஒட்டி அங்கே விழா எடுக்கிறார்கள். இதெல்லாம் தெரியாமல் கேட்டிருந்தால் பொறுமையாகச் சொல்லியிருப்பேன். நீங்கள் தெரிந்தே கேட்டீர்கள், அதுதான் வலிக்கிறது.

அடுத்த ஞாயிறும் வருவேன். அந்த வார்த்தையை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா.