"ஓடும், ஓடும்" எண்டு சொல்லி ஒருத்தரையும் கடலுக்கு அனுப்பாதீங்க

ரெண்டு கிழமையா பல்லக் கடிச்சுக்கொண்டு இருந்தன், இனி ஏலாது. எஞ்சின் செய்யக் குடுத்தா செய்யணும். நேரமில்லையா, சாமான் கிடைக்கலையா, அதச் சொல்லணும். ரெண்டும் இல்லாம மூடியக் கழட்டித் துடைச்சு நாலு இடத்தில கிறீஸ் பூசிட்டு "எல்லாம் மாத்தியாச்சு தம்பி, பயப்பிடாம போங்க, ஓடும், ஓடும்" எண்டு பில்லையும் கையில தாறவன என்ன செய்யிறது சொல்லுங்க. ஓட்டோ செய்யிறவன் பேய்க்காட்டினா ஓட்டோ ரோட்டோரம் நிக்கும், இறங்கி பஸ் ஏறிப் போகலாம். போட் எஞ்சினில பேய்க்காட்டினா எங்க இறங்கிறது?

நாங்க வெளிக்கிட்டது பருத்தித்துறைக்கு. திருகோணமலை திருக்கடலூர்க் கரையில இருந்து கடலால கிட்டத்தட்ட 180 கிலோமீட்டர், 23 அடி பைபர் போட், பின்னால 40 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் எஞ்சின், மண்ணெண்ணெயில ஓடுறது. சித்தப்பா, மச்சான், நான், மூண்டு பேர். மீனுக்கு இல்ல, சும்மா போறதுக்கு. குச்சவெளி, கொக்கிளாய், முல்லைத்தீவு எண்டு கரையப் பாத்துக்கொண்டு தங்கித் தங்கிப் போகணும் எண்டது சித்தப்பாட கனநாள் ஆசை. சண்டைக் காலத்தில அவருக்குக் கடல் எண்டா பாஸ் காட்டி, நேரம் பாத்து, கரை தெரியுற தூரத்துக்குள்ள போய்ட்டு வாறதுதான். வயசு 71 ஆச்சு. இந்த வருசம் எப்பிடியும் போயே ஆகணும் எண்டு நிண்டார்.

ஒரு மாசம் ஆயத்தம் செஞ்சம். எண்ணெய்க் கணக்க மூண்டு பேரும் இருந்து போட்டம், 40 குதிரை டூ ஸ்ட்ரோக்க முழுசாத் திருகினா மணிக்கு 15 லீட்டருக்கு மேல குடிக்கும், அதனால அரைவாசிக்குக் கொஞ்சம் கூட வச்சு ஓட்டுறது, கொண்டு போற எண்ணெயில மூண்டில ஒரு பங்கத் தொடவே கூடாது எண்டு முடிவு. ஒவ்வொரு கான் எண்ணெயிலயும் ஒரு போத்தல் எடுத்து ஒரு ராத்திரி ஆட்டாம வச்சுப் பாத்தம், தண்ணி கலந்திருந்தா அடியில முட்டை முட்டையா நிக்கும். எல்லாம் பாத்தம். எங்களால செய்யேலாத ஒரு வேலையத்தான் வெளிய குடுத்தம். எஞ்சினின்ர கீழ்க்கால் கழட்டி உள்ள இருக்கிற இம்பெலர, அதாவது எஞ்சின் சூடாகாம கடல்தண்ணிய உறிஞ்சி மேல அனுப்புற றப்பர் இறகுச் சக்கரத்த மாத்துறது, கியர் ஒயில் மாத்துறது, சீல் பாக்கிறது. கடுதாசியில எழுதிக் குடுத்தன். பில் வந்தது 18,500 ரூபா, அதில "வாட்டர் பம்ப் கிட்" எண்டு தனி வரி. ஒரு சதம் குறைக்கச் சொல்லல.

விடிய அஞ்சு மணிக்கு வெளிக்கிட்டம். கடல் எண்ணெய் ஊத்தின மாதிரிக் கிடந்துச்சு. கோணேசர் மலை பின்னால சின்னதாகிக்கொண்டே போக சித்தப்பா முன்பக்க அணியத்தில இருந்து ஒண்டும் கதைக்காம பாத்துக்கொண்டு வந்தார், நிலாவெளி தாண்டி, புறாமலைய இடப்பக்கம் விட்டு, குச்சவெளியும் தாண்டிட்டம். புல்மோட்டைக்குக் கிட்ட வரேக்க எனக்கு ஒரு மணம் வந்திச்சு, றப்பர் கருகுற மணம். திரும்பிப் பாத்தா எஞ்சின் பக்கத்தில தண்ணி பீச்சுற ஓட்டையில தண்ணி இல்ல, ஆவி மாதிரி ஒண்டு மட்டும் வருது. கைய எடுத்து திரொட்டில குறைக்க முன்னமே "க்ர்ர்" எண்டு இழுத்து எஞ்சின் நிண்டிட்டு.

கரையில இருக்கிற ஆக்களுக்கு விளங்கச் சொல்லுறன். ஆடி மாசத்தில எங்கட பக்கம் காத்து தரையில இருந்து கடலுக்கு அடிக்கும். காலையில ஒண்டும் தெரியாது, வெயில் ஏற ஏற கச்சான் காத்து எழும்பும். எஞ்சின் இல்லாத போட்ட அது கரைக்குத் தள்ளாது, கிழக்கால வெளிய தள்ளும். அந்த நேர்கோட்டில கிழக்க போனா ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல தண்ணி, அதுக்குப் பிறகு நிக்கோபார். இதத் தெரிஞ்சுகொண்டுதான் ஒருத்தன் இம்பெலர மாத்தாம "மாத்தியாச்சு" எண்டு எழுதுறான். திருகோணமலையில இருந்துகொண்டு இந்தக் காத்து தெரியாது எண்டு அவன் சொல்லேலாது.

நங்கூரத்த விட்டம், 14 பாக ஆழத்தில பிடிச்சுது. மச்சான் பதறிப் போய் வாளியில கடல்தண்ணி அள்ளி எஞ்சினில ஊத்தப் போனான், சித்தப்பா பாஞ்சு வந்து கையப் பிடிச்சார், கொதிச்சுக் கிடக்கிற புளொக்கில பச்சத்தண்ணி ஊத்தினா வெடிக்கும். ஆற விட்டம். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு இழுத்தா ஸ்டார்ட் வராது, ஏனெண்டா மண்ணெண்ணெயில ஓடிக்கொண்டிருக்கேக்க நிண்டிட்டு, காபரேட்டர் நிறைய மண்ணெண்ணெய். வழக்கமா நிப்பாட்ட முன்னம் பெற்றோலுக்கு மாத்தி ஓட விட்டுத்தான் நிப்பாட்டுவம், அப்பதான் அடுத்த முறை பத்தும். இது தானா நிண்டதுதானே. அடியில இருக்கிற திருகாணியக் கழட்டி வடிச்சு, போத்தல் பெற்றோல் விட்டு, கயிறு இழுத்து இழுத்து என்ர உள்ளங்கை தோல் உரிஞ்சு போச்சு. பத்திச்சு. ரெண்டு நிமிசம் மெதுவா ஓடுறது, பிறகு நிப்பாட்டி ஆற விடுறது. அப்பிடி ரெண்டு முறை செஞ்சு பாத்து சித்தப்பா வேணாம் எண்டிட்டார், உள்ளுக்க என்னமோ உரஞ்சுற சத்தம் கேட்டிச்சு. போனில சிக்னல் ஒரு கோடு வரும் போகும்.

வலை எடுத்திட்டுத் திரும்பி வந்த புல்மோட்டை முஸ்லிம் அண்ணன் ஒருத்தர், நாங்க நானா எண்டு கூப்பிடுறது, அவர்தான் எங்களக் கண்டு கிட்ட வந்தார். என்ன ஏது எண்டு கேக்க முன்னமே கயித்த எறிஞ்சார். அவருக்கு அண்டைக்கு மீன் பெரிசா இல்ல, எண்ணெய் எரிச்சு எங்களக் கரை மட்டும் இழுத்துக்கொண்டு வந்தார், பிறகு காசு நீட்டினா கையத் தட்டிவிட்டார்.

கரையில வச்சுக் கால் கழட்ட வெளிக்கிட்டம். புல்மோட்டைக் கரை தெரியும்தானே, இல்மனைட் கலந்த கறுப்பு மண், சின்னச் சாமான் ஒண்டு விழுந்தா தேடி எடுக்கேலாது, நானா தன்ர சாரத்த விரிச்சு அதுக்கு மேல வச்சுத்தான் செஞ்சார். முதல் போல்ட்டில ஸ்பனர் சாவியப் போட்டவர் நிப்பாட்டிட்டு என்னப் பாத்தார். "தம்பி, இத எப்ப கழட்டின?" நான் ரெண்டு கிழமைக்கு முன்னம் எண்டன். அவர் விரலால காட்டினார். போல்ட் தலையச் சுத்திப் பழைய பெயின்ட் அப்பிடியே ஒட்டிக்கிடக்கு, அதுக்கு மேல உப்புப் பூத்து வெள்ளையாக் கட்டி. சாவி பட்டிருந்தா அந்தப் பெயின்ட் உடைஞ்சிருக்கணும். ஒரு கீறல் இல்ல. "இது வருசக்கணக்கா கழட்டுப்படாத எஞ்சின் தம்பி" எண்டார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்திச்சு. சித்தப்பா ஒண்டும் சொல்லல, அந்தப் போல்ட்டையே பாத்துக்கொண்டு நிண்டார்.

திறந்தா இம்பெலரின்ர ஆறு இறகில ரெண்டு இல்லவே இல்ல. மிச்சம் நாலும் ஒரு பக்கத்துக்கு மடிஞ்சு அப்பிடியே கல்லு மாதிரி இறுகிக் கிடந்துச்சு, நகத்தால அமத்தினா பொருபொருவெண்டு உதிருது. காணாமப் போன ரெண்டு இறகையும் கம்பி விட்டுக் கிளறித்தான் தண்ணி மேல போற குழாயுக்குள்ள இருந்து எடுத்தம். நல்ல காலம் சித்தப்பா பழைய ஆள், ஒண்டு போட்டா ஒண்டு பெட்டியில இருக்கணும் எண்டு ஸ்பெயார் வாங்கி வச்சிருந்தார். நானா அதுக்குச் சவுக்காரத் தண்ணி தடவி, தண்டச் சுத்துற பக்கமாவே சுத்திச் சுத்தி இறக்கினார், இறகெல்லாம் ஒரே பக்கம் மடிஞ்சு உக்காந்திச்சு. முழு வேலையும் ஒண்டரை மணித்தியாலம், கரையில, ஒரு சாவிப் பெட்டியோட. இதுக்குத்தான் அங்க எஞ்சின ஒரு கிழமை வச்சிருந்தாங்கள்.

இனி வாறவங்க சொல்லுற கதை எனக்குத் தெரியும். "கடல் எண்டா அப்பிடித்தான், விதி." என்ன விதி? இம்பெலர் எண்டது வருசத்துக்கு ஒருக்கா மாத்துற றப்பர். எங்கட பக்கம் கரையில இருந்து தள்ளி இறக்கி ஏத்துறதால மண்ணையும் சேத்து உறிஞ்சும், இன்னும் கெதியாத் தேயும். அதோட எத்தினை பேர் கரையில வச்சு, தண்ணி இல்லாம, "சும்மா ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாப்பம்" எண்டு கயிறு இழுக்கிறாங்கள். அந்தக் கொஞ்ச நேரத்திலயே இறகு காய்ஞ்சு கருகிப் போகும், ஒருத்தருக்கும் உறைக்கிறதில்ல. "தண்ணிப் பரலுக்குள்ள வச்சு ஓட்டிப் பாத்தம், தண்ணி பீச்சிச்சுதானே" எண்டு வேற சொல்லுறாங்கள். ரெண்டு நிமிசம் பரலில பீச்சுறதும் ஆறு மணித்தியாலம் பாரத்தோட ஓடுறதும் ஒண்டா? கடலில எஞ்சினுக்குப் பக்கத்தில இருக்கிறவன் தலையத் திருப்பித் திருப்பி அந்தத் தண்ணியப் பாக்கணும், எங்கட எஞ்சினில சூடானா சத்தம் போடுற பஸர் எல்லாம் கிடையாது. அண்டைக்கு நான் கடைசியாப் பாத்தது குச்சவெளியில, அதுக்குப் பிறகு பாக்கல, அது என்ர பிழை, ஒத்துக்கொள்ளுறன். ஆனா செய்யாத வேலைக்குப் பில் எழுதினது என்ர பிழை இல்ல.

நானா சொல்லித்தான் கியர் ஒயிலையும் திறந்து பாத்தம். பால் தேத்தண்ணி நிறத்தில வந்திச்சு, தண்ணி போயிருக்கு. புரொப்பெலரக் கழட்டினா பின்னால தங்கூசி நூல் ஒரு பந்து சுத்தி சீல அறுத்துக் கிடக்கு. பில்லில "கியர் ஒயில் மாத்தியது, சீல் பரிசோதித்தது" எண்டு வடிவா எழுத்து.

காசு கஷ்டம் எனக்கு விளங்காம இல்ல. 2022 ஓகஸ்ட்ல மண்ணெண்ணெய் 87 ரூபாவில இருந்து ஒரேயடியா 340க்குப் போனப்ப எத்தினை போட் கரையில குப்புறக் கிடந்துச்சு எண்டு நான் பாத்தவன். அண்டையில இருந்து ஆக்கள் சாமான் மாத்துறதத் தள்ளிப் போடுறாங்க, போன வருசத்து பிளக், போன வருசத்து றப்பர், அளக்காம கண்ணளவில கலக்கிற டூ ஸ்ட்ரோக் ஒயில், அதுவும் மோட்டச்சைக்கிளுக்கு விடுறது. அது வேற கதை, இல்லாதவன் இல்லாம ஓடுறான், தெரிஞ்சுதான் ஓடுறான், அதனால தூரமும் போகமாட்டான். நான் காசு குடுத்தன். புது இம்பெலர் போட்ட எஞ்சின் எண்டு நம்பித்தான் அவ்வளவு வெளியால ஓட்டினன். பழசுதான் கிடக்கு எண்டு தெரிஞ்சிருந்தா கரையோட கரையாப் போயிருப்பன், இல்லாட்டி போயே இருக்கமாட்டன். அவன் களவெடுத்தது 18,500 ரூபா மட்டுமா? வயசான மனுசன் ஒருத்தரையும் கலியாணம் முடிச்சு ஆறு மாசமான மச்சானையும் கூட்டிக்கொண்டு போயிருந்தன்.

புது இம்பெலரோட எஞ்சின் பத்திச்சு, தண்ணியும் நல்லாப் பீச்சிச்சு, ஆனா பழைய இழுவை இல்ல. சூட்டில ஒரு சிலிண்டர் கீறுப்பட்டிருக்கு. நானா காது குடுத்துக் கேட்டிட்டு "வடக்க போகாதீங்க தம்பி, கரையோட கரையா வீட்ட போங்க" எண்டார். அடுத்த நாள் விடிய, காத்து எழும்ப முன்னம், அரைவாசி வேகத்தில திரும்பினம். வரேக்க சித்தப்பா பின்பக்கம் பாத்துக்கொண்டு இருந்தார், முல்லைத்தீவுப் பக்கம்.

வந்து ரெண்டாம் நாள் அந்த வேலத்தலத்துக்குப் போனன். பழைய இம்பெலர் எங்க அண்ணன் எண்டு கேட்டன். "அத அண்டைக்கே எறிஞ்சாச்சு தம்பி." நான் சொப்பிங் பையில இருந்து எடுத்து மேசையில வச்சன், ரெண்டு இறகையும் பக்கத்தில வச்சன், பெயின்ட் உடையாத போல்ட்டின்ர போட்டோவ போனில காட்டினன். மனுசன் முகம் கூட மாறல. "புல்மோட்டை மட்டுக்கும் ஓடிச்சுதானே தம்பி" எண்டான். அங்க வேலை பழகுற பொடியன் ஒருத்தன், பதினாறு பதினேழு இருக்கும், கையில சாவியோட நிண்டு கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனும் இதத்தான் தொழில் எண்டு பழகப் போறான்.

போட் வச்சிருக்கிற அண்ணன் தம்பிமார், காசு குடுக்க முன்னம் பழைய சாமான உங்கட கையில தரச் சொல்லுங்க. தரமாட்டன் எண்டா பக்கத்தில நிண்டு கழட்டுறதப் பாருங்க. போல்ட் தலையில பெயின்ட் உடைஞ்சிருக்கா எண்டு பாருங்க. அதுக்குக் கோவிக்கிறவன்கிட்ட எஞ்சினக் குடுக்காதீங்க.

எங்கட எஞ்சின் இப்ப பிரிச்சுக் கிடக்கு, பிஸ்டன், றிங் எல்லாம் வாங்கணும், அது வந்து சேர எப்பிடியும் புரட்டாசி ஆகும். பிறகு வாடைக் காத்து தொடங்கிடும், அந்தக் கடலில இந்த போட்ட வச்சுக்கொண்டு வடக்க போகேலாது. பிறகு மாசி, பங்குனி எண்டு காத்து அடங்கிற மட்டும் பாத்திருக்கணும். நேத்துப் பின்னேரம் சித்தப்பா வந்து எண்ணெய்க் கான்கள எண்ணிட்டு, "அப்ப எனக்கு 72" எண்டு சொல்லிட்டுப் போனார்.