எஸ்ஆர்-22 படுத்தும் பாடு

கலிபோர்னியாவில் இருக்கும் என் தம்பி காரை விற்று ஒரு வருடம் ஆகிறது. இன்னும் மாசாமாசம் கார் இன்சூரன்ஸ் கட்டுகிறான். குடித்துவிட்டு ஓட்டியது தப்புதான், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. லைசென்ஸ் திரும்பக் கிடைக்க எஸ்ஆர்-22 வேண்டுமாம், அதுவும் 3 வருடம். அது பாலிசிகூட இல்லை. 'இவருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது' என்று கம்பெனி அரசுக்கு அனுப்பும் சான்று. சொந்தக் கார் இல்லாதவனுக்கும் அதற்கென்று தனி பாலிசி!

போன மாதம் கார்டு காலாவதியாகிப் பணம் போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. ஒரு போன் பண்ணக் கூடாதா? பாலிசியை ரத்து செய்து, 'இவருக்கு இனி இன்சூரன்ஸ் இல்லை' என்று அரசுக்குச் சொல்லும் எஸ்ஆர்-26 படிவத்தை அனுப்பிவிட்டார்கள். லைசென்ஸ் மறுபடி முடக்கம். முதலாளியின் வேனை ஓட்டித்தான் அவன் பிழைப்பே. வயிறு எரிகிறது எனக்கு.