சுரைப் பூவும் சாயங்காலமும்

மாடித்தோட்டம் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில், கொடி பூத்தாலும் காய் பிடிப்பதில்லை என்று ஒரு வரி வருகிறது. முதல் வருடம் எனக்கும் அதே கதைதான். ஆடியில் விதைத்த சுரை, பந்தல் முழுக்க வெள்ளைப் பூ, பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. மண்புழு உரத்தைக் கொட்டியதுதான் மிச்சம். சுரைப் பூ சாயங்காலம்தான் விரியும். ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் சேர்க்க, மூன்றாவது மாடிக்கு அந்த நேரத்தில் எந்தப் பூச்சி வரும்? அப்புறம் நானே ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, அடியில் குட்டிக் காயோடு இருக்கும் பெண் பூவில் மெல்லத் தடவினேன். சில நாளில் பிஞ்சு பருக்கத் தொடங்கியது. கடைச் சுரைக்காயைத் தொடாத என் மகன் இந்தக் காயில் செய்த கூட்டை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்!

புதினா வளர்க்க, சமையலுக்கு வாங்கிய புதினாக் கட்டில் மிஞ்சும் தண்டே போதும் என்று அதே கட்டுரை சொன்னது சரி. ஆனால் தனித் தொட்டியில் ஊன்றுங்கள். என் கொத்தமல்லியை அது விழுங்கிவிட்டது.