சேலைனா சிலிக்கனா: பத்து வருசம் கழித்து யார் பார்ப்பது?

மார்பகத்தைப் பெரிதாக்கும் ஒப்பரேசன் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் வாய்விட்டுக் கதைப்பதில்லை. தப்பித்தவறி யாராவது தொடங்கினாலும் "இதெல்லாம் ஆருக்குக் காட்ட?" என்ற ஒரு கேள்வியோடு கதை முடிந்துவிடும். முடிக்குச் சாயம் பூசி, முகம் வெளுக்கக் கண்ட கண்ட கிறீமெல்லாம் தடவுகிற நாங்கள்தான் அதையும் கேட்கிறோம். அவளுடைய உடம்பு, அவளுடைய காசு, செய்வதும் விடுவதும் அவள் பாடு. ஆனால் வெட்கத்தில் ஒருவரையும் கேட்காமல் போகிறவளுக்கு விளம்பரம்தான் வாத்தியார். அதில் அளவும் வடிவும் இருக்கும். மார்புக்குள்ளே வைத்த பை, அதாவது இம்பிளாண்ட், உடைந்தால் எப்படித் தெரியும் என்பது மட்டும் இருக்காது.

கல்முனையில் இருக்கும் என் மச்சாள் ஒருத்தி துணைக்கு வரச் சொல்லிக் கேட்டாள். கொழும்புக்குப் போனோம். டொக்டர் மேசையில் இரண்டு மாதிரிகளை எடுத்து வைத்தார். சேலைன், அதாவது உப்புத் தண்ணீர், நிரப்பியதைத் தூக்கினால் தண்ணீர் ஒரு பக்கம் ஓடுகிறது, ஓரத்தில் சுருக்கம் விழுகிறது. ஒல்லியான ஆட்களுக்கு அந்தச் சுருக்கம் தோலுக்கு வெளியிலும் தெரியுமாம். மற்றது கெட்டி ஜெல் சிலிக்கன். தொதல் துண்டு மாதிரி, வெட்டினாலும் வழியாது, வடிவும் மாறாது. மச்சாள் அதைக் கையில் வைத்து அமுக்கிப் பார்த்துவிட்டு, "என்னகா, இதுதான் நல்லா இருக்கு" என்றாள். கையில் பிடித்துப் பார்த்தால் யாரும் அதைத்தான் சொல்வார்கள்.

அப்புறம்தான் விஷயம். சேலைன் உடைந்தால் அந்தப் பக்கம் சில நாளில் வற்றிவிடும். உள்ளே இருந்தது உப்புத் தண்ணீர், உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடி முன் நின்றாலே தெரிந்துவிடும். சிலிக்கன் உடைந்தால் பெரும்பாலும் தெரியவே தெரியாது, ஜெல் இருந்த இடத்திலேயே கிடக்கும். அதனால்தான் சிலிக்கன் வைத்தவர்கள் ஐந்தாறு வருசத்தில் முதல் தடவையும், பிறகு இரண்டு மூன்று வருசத்துக்கு ஒரு தடவையும் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவச் சாதனக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சொல்கிறது. ஒரு நோவும் இல்லாதபோதும் எடுக்க வேண்டும்.

கொழும்பில் இருக்கிறவளுக்கு இது ஒரு பின்னேர வேலை. மட்டக்களப்பில் இருக்கிறவளுக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம், ஒரு நாள் லீவு, வீட்டில் சொல்ல ஒரு காரணம். சென்னையில் செய்துகொண்டு வந்தவளுக்கு விசாவும் சேரும். இங்கேயே ஸ்கான் எடுக்கலாம், ஆனால் எதற்கு என்று வாய் திறந்து சொல்ல வேண்டுமே! வீட்டுக்கே சொல்லாமல் செய்தவள் அதைச் சொல்வாளா? என் அபிப்பிராயம் இதுதான்: ஒழுங்காக ஸ்கானுக்குப் போக முடியும் என்ற ஆளுக்குச் சிலிக்கன் சரி. முடியாது என்று மனதுக்குத் தெரிந்த ஆளுக்கு, பிடிக்கச் சுமாராக இருந்தாலும் சேலைன்தான் சரி. சேலைனுக்கு இன்னொரு வசதி, வெறும் பையை உள்ளே வைத்த பிறகே நிரப்புவதால் வெட்டும் சின்னது.

"சேலைன் என்றால் சிலிக்கனே இல்லை" என்று நினைக்க வேண்டாம். அதன் உறையும் சிலிக்கன்தான். எதை வைத்தாலும் சுற்றிவர உடம்பு ஒரு தழும்பு உறை கட்டும். சிலருக்கு அது இறுகி, கல்லாகி, நோவெடுக்கும். இரண்டுமே ஆயுளுக்கும் இருக்கிற சாமான் இல்லை. இன்னொரு ஒப்பரேசனுக்கும் காசை ஒதுக்கிவிட்டே முதலாவதுக்குப் போக வேண்டும்.

வட்டமா, கண்ணீர்த்துளி வடிவமா என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. துளி வடிவம் உள்ளே சுழன்றால் மார்பு கோணலாகிவிடும். சுழலாமல் பிடித்து நிற்கத்தான் பெரும்பாலும் அதன் மேற்பரப்பைச் சொரசொரப்பாகச் செய்தார்கள். அந்தச் சொரசொரப்பு வகையோடுதான் ஓர் அரிய நிணநீர்ப் புற்றுநோய் முக்கியமாகத் தொடர்புபட்டது. மார்பகப் புற்றுநோய் வேறு, இது வேறு. தழும்பு உறையில் வருவது. 2019 ஜூலையில் எஃப்டிஏ கேட்டு, அலர்கன் கம்பனி தன் பயோசெல் வகையை உலகம் முழுக்கத் திரும்ப எடுத்தது. வழவழப்பான வட்டம் சுழன்றாலும் ஒன்றும் தெரியாது. பிறகேன் வீண் வில்லங்கம்?

விலை குறைத்துத் தருகிறோம் என்கிற இடத்தில் முதலில் கம்பனிப் பெயரைக் கேளுங்கள். பிரான்சின் பிஐபி கம்பனி மருத்துவத்துக்கான சிலிக்கனை விட்டுவிட்டுத் தொழிற்சாலைச் சிலிக்கனை நிரப்பி விற்றது. 2010இல் பிடிபட்டது, 2013இல் அதன் முதலாளிக்கு நாலு வருசச் சிறை. வைத்துக்கொண்ட பெண்களில் எத்தனை பேருக்குத் தங்களிடம் இருப்பது எது என்று தெரிந்திருக்கும்? ஒப்பரேசன் முடிந்ததும் கம்பனி, வகை, அளவு, தொடர் இலக்கம் எல்லாம் போட்ட ஒரு சின்ன அட்டை தருவார்கள். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். அதை அடையாள அட்டையோடு வையுங்கள், போனிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். மார்பகத்தைப் பார்க்கும் எக்ஸ்ரே, அதாவது மமோகிராம், எடுக்கப் போனாலும் உள்ளே இம்பிளாண்ட் இருக்கிறது என்று முதலிலேயே சொல்ல வேண்டும், படம் எடுக்கிற விதமே வேறு.

மச்சாள் இன்னும் முடிவெடுக்கவில்லை. வழவழப்பு வட்டச் சிலிக்கன் என்ற இடத்தில் நிற்கிறாள், ஸ்கானுக்கு என்னையே கூட்டிப்போவாளாம்.

ஏற்கெனவே சொரசொரப்பு வகை வைத்திருக்கிற யாராவது இதை வாசித்தால் பயந்து ஓட வேண்டாம். நோவோ வீக்கமோ இல்லாதவர்கள் அதை எடுத்துவிட வேண்டும் என்று எஃப்டிஏ சொல்லவில்லை. ஆனால் வருசக்கணக்கில் சும்மா இருந்த ஒரு பக்கம் திடீரென்று நீர் கோத்து வீங்கினால், கட்டி மாதிரித் தட்டுப்பட்டால், வெட்கம் பார்க்காமல் அட்டையோடு டொக்டரிடம் போங்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால், இம்பிளாண்டையும் அந்தத் தழும்பு உறையையும் எடுத்துவிடுவதோடு அநேகம் பேருக்குச் சுகமாகிவிடுகிறது.