பழ வாசனை ஒரு குற்றமா?

சனிக்கிழமை விருந்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று நான்கு நாட்கள் பொறுத்துப் பார்த்தேன். என் ஒயினைக் கழுவுதொட்டியில் கவிழ்க்கும் அந்தப் படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். அதன் கீழே வந்த சிரிப்பையும் பார்த்துவிட்டீர்கள். நான் கொண்டுபோன, பிரான்சின் போஜொலே பகுதியிலுள்ள ஃப்ளூரி ஊரின் சிவப்பு ஒயினில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இது ஒயினா, பழரசமா?" என்று கேட்டுக் கோப்பையைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தவர் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். அவர் பெயரை இங்கே யாரும் இழுக்க வேண்டாம்.

பழ வாசனை குறையே இல்லை. மாம்பழம் மாம்பழமாக மணந்தால் குற்றம் சொல்வோமா? சிவப்பு ஒயின் என்றால் நாக்கைச் சுருட்டும் துவர்ப்பும் மரப்பீப்பாய் வாசனையும்தான் என்று யார் விதித்தது?

லியோனில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். இந்த ஊருக்கு மூன்று ஆறுகள் என்பார்கள்: ரோன், சோன், போஜொலே. நகருக்கு வடக்கே இருக்கும் அந்த மலைச்சரிவுகளின் ஒயினை ஊர்க்காரர்கள் ஆறாகவே எண்ணியிருக்கிறார்கள். ஆனால் அங்கே விளையும் கமே திராட்சையைப் பழிப்பது மிகப் பழைய வழக்கம். 1395இல் போஜொலேக்கு வடக்கே உள்ள பர்கண்டியின் கோமகன் இரண்டாம் பிலிப், கமே துரோகமான செடி என்று சொல்லி அதை வேரோடு பிடுங்க ஆணையிட்டார். அந்த வெறுப்புக்கு அஞ்சாமல் அது வேரூன்றி நின்றது போஜொலேயின் கருங்கல் மண்ணில். அந்தக் கமேயின் பெற்றோரில் ஒன்று, பர்கண்டியே தலையில் வைத்துக் கொண்டாடும் பினோ நுவார் திராட்சை! மரபணுச் சோதனை அதைக் காட்டிவிட்டது. இழிவு மட்டும் போகவில்லை.

அந்தப் பழ வாசனை எப்படி வருகிறது என்று தெரியுமா? குலைகளை நசுக்காமல் முழுசாகத் தொட்டியில் போட்டு மூடுவார்கள். அடியில் கிடப்பவை மேலுள்ள பாரத்தில் நசுங்கி நொதிக்கும். அதிலிருந்து எழும் கரியமில வாயு தொட்டியை நிறைக்க, மேலே இருக்கும் முழுப்பழங்களுக்கு உள்ளேயே நொதித்தல் தொடங்கும். அந்தச் செம்பழ மணம் அங்கேதான் பிறக்கிறது. ஆகவே பழம் உடையாமல் வந்து சேர வேண்டும், கையால்தான் அறுக்க வேண்டும்.

இரண்டு செப்டம்பர்கள் அங்கே அறுவடைக்குப் போயிருக்கிறேன். கொடிகள் முழங்கால் உயரத்துக் குத்துச்செடிகள். நாள் முழுக்கக் குனிந்தே நிற்க வேண்டும். முதல் நாள், வாளி சீக்கிரம் நிறையட்டும் என்று குலைகளை அழுத்தி வைத்தேன். தோட்டத்துப் பெரியவர் வந்து வாளிக்குள் கைவிட்டு, உடைந்த குலை ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சாறு விரலிடுக்கில் வழிந்தது. "இவ்வளவும் புட்டிக்குள் போயிருக்க வேண்டியது" என்றார், அவ்வளவுதான். கழுவுதொட்டியில் ஒயின் கவிழ்ந்தபோது எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது.

"நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை வாழைப்பழ வாசனையோடு விற்றார்களே, அதுவும் போஜொலே தானே?" என்பீர்கள். ஆமாம். அறுத்த சில வாரங்களிலேயே புட்டியில் அடைத்த அவசர ஒயினை உலகெங்கும் விற்றுத் தங்கள் பெயரைத் தாங்களே கெடுத்துக்கொண்டவர்கள் அங்கே இருந்தார்கள். விற்காமல் தேங்கியதை வடித்து எரிசாராயமாக்கும் நிலையும் வந்தது. ஆனால் அதே மண்ணில்தான் வேதியியல் அறிந்த ழூல் ஷோவே, கந்தகமும் கடையில் வாங்கிய ஈஸ்ட்டும் இல்லாமல் நல்ல ஒயின் செய்ய முடியும் என்று காட்டினார். அங்குள்ள மோர்கோனில் ஒயின் செய்த மார்செல் லாபியேர் அவர் வழியில் போனார். அவர்களை மறந்துவிட்டு வாழைப்பழத்தை மட்டும் நினைவில் வைப்பது என்ன நியாயம்?

அடுத்து, நான் கொண்டுபோன ஒயினின் தோட்டத்தில் புதைக்கும் அந்த மாட்டுக்கொம்பு. சனிக்கிழமை அதிகச் சிரிப்பு அதற்குத்தான். ஆஸ்திரியச் சிந்தனையாளர் ருடால்ஃப் ஸ்டைனர் 1924இல் ஆற்றிய உரைகளிலிருந்து வந்தது உயிராற்றல் வேளாண்மை. கொம்பில் சாணத்தை அடைத்து இலையுதிர்காலத்தில் புதைத்து, வசந்தத்தில் எடுத்து, அதில் கொஞ்சத்தை நீரில் ஒரு மணி நேரம் சுழற்றித் தெளிப்பார்கள். நிலவும் கோள்களும் கொடியை ஆள்வதற்கு அறிவியல் சான்று இல்லை, நானும் நம்புவதில்லை. ஆனால் அந்தப் பெரியவர் மாலையில் பீப்பாய்முன் நின்று, சுழி விழும்வரை ஒரு திசையிலும் பிறகு மறு திசையிலும் கோலால் சுழற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். சாணம் நாறவில்லை, மழை பெய்த காட்டு மண்ணின் மணம் வந்தது. தெளிக்கப்போகும் மனிதர் ஒவ்வொரு வரிசையிலும் நடந்தாக வேண்டும், நடக்கும்போது இலையைப் புரட்டி அடிச்சாம்பல் நோயைப் பார்த்தாக வேண்டும். களைக்கொல்லி அடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் அதைப் பார்ப்பாரா?

பூஞ்சை நோய்க்குத் தாமிரம் தெளிக்கிறார்களே என்றும் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஏழு ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. மண்ணில் தாமிரம் தங்கும் என்பது தோட்டக்காரர்களுக்கும் தெரியும், வேறு வழி தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேட்டவர் தன் வீட்டுத் திராட்சை எப்படி விளைந்தது என்று விசாரித்திருக்கிறாரா?

எனக்கு வலிப்பது வேறு. 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் ஃப்ளூரியில் ஆலங்கட்டி மழை அடித்தது. விளைச்சல் போன அந்தக் காலத்தைப் பற்றிப் பெரியவர் பேசவே மாட்டார். கொடித்தண்டில் இருக்கும் வடுக்களை மட்டும் விரலால் தொட்டுக் காட்டுவார். அந்தக் கொடிகளின் ஒயின்தான் சனிக்கிழமை என் பையில் இருந்தது. பிடிக்காவிட்டால் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். கவிழ்ப்பதற்கும் படம் எடுப்பதற்கும் என்ன அவசியம் வந்தது?

நண்பர்களுக்கு ஒயின் பிடித்ததா என்று பெரியவரின் மகள் ஞாயிறு காலையே கேட்டிருந்தார். இன்னும் நான் பதில் எழுதவில்லை.