அடுத்த முறை உடைஞ்சதை எடுத்துட்டு வாங்க

போன ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், மரவேலையைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் முப்பது பேர் கூடினோம். கோவை, திருப்பூர், ஈரோடு, உடுமலை ஆட்கள்தான் அதிகம். பாலக்காட்டிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். சங்கம், தலைவர், பேனர், பொன்னாடை எதுவும் கிடையாது. சாப்பாட்டுக்குத் தலைக்கு 200 ரூபாய். தேங்காய் போட்டு வைக்கும் கொட்டகையைத் தோப்புக்காரர் ஒழித்துக் கொடுத்திருந்தார். இது எங்களுக்கு மூன்றாவது சந்திப்பு. மூன்றுக்கும் தவறாமல் போனவன் என்கிற உரிமையில் சொல்கிறேன்: காலையில் நடந்தது வேஸ்ட். மத்தியானச் சோற்றுக்கு அப்புறம் நடந்ததுதான் சந்திப்பு.

காலையில் நடந்தது பொருட்காட்சி. பாலிஷ் மினுமினுக்கும் நகைப்பெட்டி, கண்ணாடி மாதிரி வழவழக்கும் ட்ரே, மூலையில் புறா வால் மாதிரிப் பல் வெட்டிக் கோத்த டவ்டெயில் பெட்டி என்று வரிசையாக மேசையில் ஏறின. எல்லோரும் சுற்றி வந்து "சூப்பர்" சொன்னோம், போட்டோ எடுத்தோம். செய்தவரிடம் கேட்ட ஒரே கேள்வி, "மெஷின் என்ன விலை?" ஜப்பான் இழைப்புளி ஒன்று கைமாறிக் கைமாறி ஊர்வலம் போனது, யாரும் அதை வைத்து ஒரு சுருள் கூடச் சீவவில்லை. நடுவில் கருவி விற்கும் ஒருவர் பத்து நிமிடம் கேட்டு வாங்கி நாற்பது நிமிடம் பேசினார். பொய் சொல்லக் கூடாது, நானும் பலகையை இறுக்கிப் பிடிக்கப் புதிதாக வாங்கிய நாலு கிளாம்ப்பை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரிதான் வைத்திருந்தேன்.

தோப்புக்காரர் வீட்டுக்கு நிலையும் கதவும் செய்து கொடுத்த ஆசாரி ஒருவரும் வந்திருந்தார். எழுபது வயதிருக்கும். ஓரமாக பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எதைக் காட்டினாலும் "நல்லா இருக்குதுங்க" என்றார். ஒன்றைக் கூடத் தூக்கிப் பார்க்கவில்லை.

அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்டு முடித்த நேரம். என் காரில் தண்ணீர் கேன் எடுக்கப் போன நண்பர், பின்னால் கிடந்த டீப்பாயையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "இதை ஏன்யா ஒளிச்சு வச்சிருக்கே?" ஒளித்துத்தான் வைத்திருந்தேன். வாகையில் செய்தது. மூன்று பலகையை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்கு மேல்பலகை, அது வளையாமலிருக்க இரண்டு முனையிலும் குறுக்கே ஒரு சட்டம். நடுவில் மூன்று மில்லிமீட்டருக்கு வாய் பிளந்து கிடந்தது. போகிற வழியில் அடுப்புக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் வண்டியில் போட்டிருந்தேன்.

ஆசாரி எழுந்து வந்தார். அன்றைக்கு அவர் நாற்காலியை விட்டு எழுந்தது அதுதான் முதல் தடவை. டீப்பாயைக் கவிழ்த்தார். விரிசலில் கட்டைவிரல் நகத்தை விட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் இழுத்தார். குறுக்குச் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார்.

"எந்த மாசம் ஒட்டுனீங்க?"

"ஐப்பசி கடைசியில."

"அப்ப பங்குனியில வெடிச்சிருக்கும்."

வெடித்தது பங்குனியில்தான். ராத்திரி பதினோரு மணிக்கு 'டப்' என்று சத்தம் கேட்டு, பல்லி எதையோ தள்ளிவிட்டது என்று நினைத்துத் தூங்கிப்போனேன்.

விஷயம் இதுதான். மரம் மழைக்காலத்தில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து உப்பும், வெயில் காலத்தில் காய்ந்து சுருங்கும். நீளவாக்கில் அந்த மாற்றம் இல்லையென்றே சொல்லிவிடலாம், எல்லாம் அகலத்தில்தான். அதிலும் ஆண்டு வளையத்தையொட்டிச் சுருங்குவது, வளையத்துக்குக் குறுக்கே சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒன்றரை அடிப் பலகை அடைமழைக்கும் கோடைக்கும் நடுவே நாலைந்து மில்லிமீட்டர் கூடிக் குறைவது சாதாரணம். நான் அதை உப்பியிருந்த மாதத்தில் பிடித்து, நீளவாக்கில் சுருங்கவே சுருங்காத குறுக்குச் சட்டத்தோடு முழுநீளத்துக்கும் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். பங்குனியில் பலகை சுருங்கப் பார்த்தது, சட்டம் விடவில்லை, நடுவில் கிழிந்துவிட்டது. இதெல்லாம் நான் வீடியோவில் நாலு தடவை பார்த்த சமாச்சாரம். ஆனால் விரிசலைத் தொட்டுப் பார்த்து மாதத்தைச் சொல்ல வீடியோவுக்குத் தெரியாது.

"நடுவுல மட்டும் பசை வைங்க. ஓரத்துல திருகுக்கு ஓட்டை போடறப்ப வட்டமா போடாதீங்க, அவரைக்கொட்டையாட்ட நீளமா எடுங்க. பலகை போய் வர இடம் வேணுமில்ல" என்றார். அப்புறம் எங்களைத் தோப்பு வீட்டுக்கு அழைத்துப் போய், அவர் செய்த கதவைக் காட்டினார். சட்டத்தில் காடி, அதாவது நீளப் பள்ளம் எடுத்து, நடுப்பலகையைப் பசையே இல்லாமல் உள்ளே நிறுத்தியிருக்கிறார். உள்ளங்கையை வைத்துத் தள்ளினால் பலகை லேசாக அசைந்தது. காலையில் அந்தக் கதவைத் தாண்டித்தான் நாங்கள் முப்பது பேரும் கை கழுவப் போனோம்.

அதற்குப் பிறகு கூட்டம் வேறு கூட்டமாகிவிட்டது. ஆளாளுக்கு வண்டியிலிருந்தும் போனிலிருந்தும் சொதப்பல்களை எடுத்தார்கள். வால்பாறை எஸ்டேட்டுகளில் தேயிலைக்கு நிழலாக நிற்கிற சில்வர் ஓக்கை மலிவாக வாங்கிய உடுமலைக்காரர், அப்பளம் மாதிரி முறுக்கிப் போன பலகையைக் காட்டினார். அறுக்கிற வாகு சரியாக அமைந்தால் அந்த மரத்தில் வரும் வெள்ளிச் செதில் அவ்வளவு அழகு. ஆனால் அந்தத் தூள் சிலருக்கு ஆகாது, தோல் தடித்து அரிக்கும். அவர் முழங்கையே சாட்சி. இன்னொருவர் ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கி ஒரு டப்பாவில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் புகை. அந்த எண்ணெய் காயும்போது காற்றோடு சேர்ந்து சூடாகும், குவிந்து கிடக்கும் துணியில் சூடு வெளியேற வழியில்லாமல் தீயே பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் முக்க வேண்டும். இதை அங்கே பாதிப் பேர் அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டார்கள். காலையில் அவர் கொண்டுவந்த பளபள ட்ரே அதே எண்ணெய் போட்டதுதான், அப்போது இதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஈரோட்டுப் பல் டாக்டரம்மா ஒருவர் உளி தீட்டியதையும் சொல்ல வேண்டும். காலையில் ஆண்கள் சூழ்ந்து நின்று அவருக்கே கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் ஆசாரியின் எண்ணெய்க்கல்லில் தீட்டி, வேப்பங்கட்டையின் குறுக்குவாட்டில் சீவினார். வெள்ளரிக்காய் நறுக்குகிற மாதிரி வந்தது. ஆசாரி உளியை வாங்கி முனையை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "யாருகிட்ட பழகுனீங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு வருத்தம் உண்டு. மூன்று மணிக்கு ஆசாரி கிளம்பியபோது, ஒரு நாள் கூலியாவது கொடுக்கலாம் என்றேன். "பாசத்துக்கு வந்தவரு, காசு கொடுத்தா தப்பா நினைப்பாரு" என்றார்கள். அவரிடம் கேட்டுப் பார்த்தோமா? இல்லை. செல்ஃபி எடுத்துக்கொண்டு அனுப்பி வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை லீவு நமக்குத்தான். அவர் அன்றைக்கு ஒரு வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அடுத்த தடவை சாப்பாட்டுக் கணக்கோடு சேர்த்து இதற்கும் வசூல் பண்ணுவோம். தலைக்கு ஐம்பது ரூபாய் கூடினால் யாரும் வராமல் இருந்துவிடப் போவதில்லை.

அடுத்த சந்திப்பைக் கோவையில் வைக்கலாம், 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்தில் மர மாதிரிகளைப் பார்த்துவிட்டு வந்து உட்காரலாம் என்று ஒரு யோசனை ஓடுகிறது. எனக்குச் சம்மதம். நிபந்தனை ஒன்றே ஒன்று: பளபளப்பானது எத்தனை வேண்டுமானாலும் கொண்டு வாருங்கள், கூடவே வெடித்தது, வளைந்தது, ஒட்டாதது ஒன்றாவது வர வேண்டும். வெறுங்கையோடு வருகிறவர் பாத்திரம் கழுவட்டும்.

நான் கொண்டுவரப் போவது ஒரு டிராயர். கோடையில் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. சந்திப்பைக் கார்த்திகையில் வைத்தால் திறக்காது. இழுத்துப் பார்க்க நாலு பேர் வேண்டும்.